கரைக்கொரு செய்தி

காரைக்காட்டு மடுவுக்குக் காவல் என்று யாரையும் யாரும் வைக்கவில்லை. ஆனாலும் அந்த வேலையைச் செவ்வாயி என்ற ஆட்காட்டிப் பறவை பார்த்துவந்தாள்.

நீண்ட மஞ்சள் கால்கள். கண்ணுக்கு முன்னால் சிவப்பாய் ஒரு சதைமடல். உடம்பு என்னவோ கௌதாரி அளவுதான். குரல் மட்டும் காடு முழுக்கக் கேட்கும். நரி வந்தால் நரி என்பாள். நாய் வந்தால் நாய் என்பாள். எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்லுவாள். மடுவின் இரண்டு கரைகளிலும் மேய்ந்த புள்ளிமான்கள் அந்தக் குரலைக் கேட்டதும் தலை நிமிரும். அது ஓய்ந்த பிறகுதான் மறுபடி குனியும்.

அவள் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. ஒருநாள் சிறுத்தை என்று கத்திக் காட்டையே கூட்டினாள். பார்த்தால், காற்றில் புரண்ட காய்ந்த பனையோலை. அன்று மதியமே இரண்டு கரைக்கும் போய், "காலையில் நான் சொன்னது தப்பு. அது வெறும் ஓலை. பயப்படாமல் மேயுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மான்கள் சிரித்தன. ஆனால் மறுநாள் அவள் கத்தியபோது ஒன்றுகூட நின்ற இடத்தில் நிற்கவில்லை. தன் தப்பைத் தானே வந்து சொல்கிறவளை நம்பலாம் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

அந்த மந்தையில் அறுபது மான்கள் இருந்தன. கொன்றை, இலந்தை என்ற அக்கா தங்கை இருவர் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம். பங்குனி பிறந்தால் மடுவில் தண்ணீர் வற்றும். அப்போது எங்கே போவது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகாது. மேற்கே மலைச்சுனைக்குப் போகலாம், அங்கே செந்நாய் ஒளிய இடமில்லை என்பாள் அக்கா கொன்றை. கிழக்கே ஆற்றுக்குப் போகலாம், அங்கே தண்ணீர் தீராது என்பாள் தங்கை இலந்தை. இரண்டு மூன்று நாள் மந்தை முழுதும் கத்திப் பேசும். ஆண்மான்கள் கொம்பை உரசிக்கொள்ளும். பிறகு ஒரு வருடம் மலை, ஒரு வருடம் ஆறு என்று ஏதோ ஒரு வழியில் எல்லாமாகக் கிளம்பிப் போகும். தோற்ற பக்கம் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வரும். அவ்வளவுதான்.

அந்த வருடம் துடுப்பன் வந்து சேர்ந்தான்.

துடுப்பன் ஒரு கரிச்சான் குருவி. பளபளவென்று கறுப்பு. வாலின் இரண்டு நுனியிலும் துடுப்புப் போல ஒவ்வொரு இறகு. அவனிடம் ஒரு வித்தை இருந்தது. யார் குரலை ஒருமுறை கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லுவான். பருந்து மாதிரி கத்துவான், மந்தி மாதிரி உறுமுவான், மான் மாதிரி பேசுவான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் தெரியாது.

வந்த புதிதில் அவன் நல்ல செய்திகளைத்தான் சொன்னான். எந்தப் பள்ளத்தில் புல் துளிர்த்திருக்கிறது, எந்த மரத்தில் பழம் உதிர்கிறது என்பது போன்ற சேதிகள். மான்கள் அசைபோட்டபடி கேட்டன. அசையாமல் நின்ற மான்களின் காலடியில் ஒரு பூச்சிகூட எழும்பவில்லை. துடுப்பன் பல நாள் அரை வயிற்றோடு தூங்கப் போனான்.

ஒருநாள் வாய்தவறி, "கிழக்குக் கரையில் உங்களைப் பற்றி என்னவோ பேசிக்கொள்கிறார்கள்" என்றான். மான்களுக்குச் சுருக்கென்றது. குளம்பால் தரையை உதைத்தன. உதைத்த உதையில் புல்லிலிருந்து வெட்டுக்கிளியும் அந்துப்பூச்சியுமாகப் பொலபொலவென்று கிளம்பின. துடுப்பன் கிளையிலிருந்து பாய்ந்து பாய்ந்து பிடித்துத் தின்றான். அன்றுதான் அவன் வயிறு நிறைந்தது.

அவன் புத்திசாலி. இரண்டாம் முறை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மலைக்குப் போக ஆசைப்பட்ட மான்கள் பெரும்பாலும் மேற்குக் கரையில் மேய்ந்தன. ஆற்றை விரும்பியவை கிழக்குக் கரையில். துடுப்பன் காலையில் மேற்குக் கரை அத்திமரத்தில் உட்கார்ந்து பேசினான். மாலையில் கிழக்குக் கரை மருதமரத்துக்குப் போனான். "வேறு எந்தப் பறவையும் உங்களிடம் சொல்லத் துணியாததை நான் சொல்கிறேன். இது உங்களுக்கு மட்டும்" என்று இரண்டு இடத்திலும் ஆரம்பித்தான். நல்ல சூடு பிடிக்கும் இடத்தில் நிறுத்திவிடுவான். மிச்சம் நாளைக்கு என்பான். வரும்போது இதுவரை வராத இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள் என்பான். கேட்க வருகிறவர்களுக்கு ஒரு பெயரும் வைத்தான். மேற்கே நிற்பவர்கள் மலையார், கிழக்கே நிற்பவர்கள் ஆற்றார். அதுவரை அந்தக் காட்டில் அப்படி ஒரு பெயர் இருந்ததே இல்லை. பெயர் கிடைத்ததும் மான்களுக்குப் பெருமையாக இருந்தது.

குரல் வித்தையையும் அவன் வீணாக்கவில்லை. ஒருநாள் இலந்தை தன் கூட்டத்திடம், "மலைக்குப் போகிறவர்கள் முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை" என்று சொன்னாள். மறுநாள் காலை அத்திமரத்திலிருந்து இலந்தையின் குரலே கேட்டது. "மலைக்குப் போகிறவர்கள் முட்டாள்கள்." அதோடு சரி. மேற்குக் கரை கொதித்தது. குளம்புகள் தரையைக் கிளறின. துடுப்பனுக்கு அன்று விருந்து.

இலந்தை பேசியபோது செவ்வாயி பக்கத்தில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் அத்திமரத்துக் குரலைக் கேட்டதும் மேற்குக் கரைக்குப் பறந்து போய், சொன்னது பாதிதான், மறுபாதி இப்படி என்று எடுத்துச் சொன்னாள். ஒன்றிரண்டு மான்கள் கேட்டன. மற்றவை காதை ஆட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டன. முழுச் செய்தி சப்பென்று இருந்தது.

பதினைந்து நாளில் இரண்டு கூட்டமும் தண்ணீர் குடிக்கும் நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டன. குட்டிகள் அந்தக் கரைக்கு விளையாடப் போகக் கூடாது என்று தாய்கள் தடுத்தன. கொன்றையும் இலந்தையும் எதிரெதிரே நின்றும் பேசிக்கொள்ளவில்லை.

செவ்வாயிக்கு அப்போது கூட்டில் நான்கு முட்டைகள். கூடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கிழக்குக் கரையில் கூழாங்கல் பரப்பில் காலால் பறித்த ஒரு சிறு குழி. அவளும் அவள் கணவன் மஞ்சக்காலனும் மாற்றி மாற்றி அடைகாத்தார்கள்.

ஒரு மாலை துடுப்பன் மருதமரத்தில் உட்கார்ந்து, மலையார் இந்தக் கரையையும் பிடிக்க வருகிறார்கள் என்றான். சொல்லி முடித்ததும் மந்தியின் அபாயக் குரலில் ஒரு உறுமல். ஆற்றார் கூட்டம் கண்மண் தெரியாமல் ஓடியது. கூழாங்கல் பரப்பு வழியாகத்தான் ஓடியது. செவ்வாயி இறக்கையை விரித்துக் குறுக்கே நின்று கத்தினாள். ஒரு மானும் பார்க்கவில்லை. புழுதி அடங்கியபோது குழியில் ஓடுகள்தான் கிடந்தன.

அவள் வெகுநேரம் அந்த ஈரமான ஓடுகளின் பக்கத்தில் நின்றாள். மஞ்சக்காலன் வந்து அவளை உரசிக்கொண்டு நின்றான். வடக்கே இன்னொரு குட்டை இருக்கிறது, மானே வராத இடம், போய்விடலாம் என்றான்.

"போகலாம். ஆனால் எதற்காக ஓடினார்கள் என்று தெரிந்துகொண்டு போகலாம்" என்றாள் செவ்வாயி.

அன்றிலிருந்து அவள் துடுப்பன் பேசும் இடத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்து பார்த்தாள். மான்கள் எல்லாம் அண்ணாந்து அவன் முகத்தையே பார்த்தன. செவ்வாயி மட்டும் புல்லைப் பார்த்தாள். மூன்றே நாளில் அவளுக்கு விளங்கிவிட்டது. துடுப்பனுக்கு மலை மேலும் அக்கறை இல்லை, ஆறு மேலும் அக்கறை இல்லை. அவனுக்கு வேண்டியது குளம்படி.

அவள் பார்ப்பதைத் துடுப்பனும் பார்த்துவிட்டான். ஒருநாள் மதியம் அவளைத் தேடிக்கொண்டு கீழே இறங்கினான்.

"அக்கா, உன் முட்டை போனதில் எனக்கு வருத்தம்தான். நீ மறுபடி முட்டை வைப்பாய். அந்தப் பக்கம் ஒரு மானும் கால் வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நான் சொன்னால் கேட்பார்கள். உன் குரல் என் குரலைவிடப் பெரிது. நீயும் ஒரு கரைக்குப் பேசு."

"எந்தக் கரைக்கு?"

"எதுவானாலும் சரி. ஆனால் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே செய்தியைச் சொன்னால் யாருக்கு ருசிக்கும்?"

"செந்நாய் வந்தால் என்ன சொல்வது?"

"எந்தக் கரைக்கு வருகிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி சொல்."

செவ்வாயி கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். அவள் வயிற்றில் அடுத்த முட்டை உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சரி என்றால் போதும், குஞ்சுகள் பிழைத்துவிடும்.

"செந்நாய்க்கு எந்தக் கரையும் ஒன்றுதான், தம்பி. எனக்கும் அப்படித்தான்" என்றாள்.

துடுப்பன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே எழும்பிப் போனான். மறுநாள் காலையில் மலையாரிடம், செவ்வாயி ஆற்றாரின் ஆள், அவள் கூடுகூட அந்தக் கரையில்தான் இருக்கிறது என்றான். மாலையில் ஆற்றாரிடம், செவ்வாயி மலையாரின் ஆள், அவள் தினமும் அங்கே பறந்து போவதை நீங்களே பார்க்கிறீர்களே என்றான். இரண்டுமே கண்ணால் கண்ட விஷயம். ஆகவே இரண்டு கரையும் நம்பியது.

அதற்குப் பிறகு அவள் கத்தினால் மான்கள் தலை நிமிர்வது நின்றுபோனது. இளவட்ட ஆண்மான்கள் அவளைப் போலவே கத்திக் கேலி செய்தன. மஞ்சக்காலன்கூட ஒருநாள், கேட்க ஆளில்லாமல் எதற்குத் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறாய் என்று கேட்டான். அவளுக்கு அது வலித்தது. மறுநாள் காலையில் நரி வந்தபோது அதே இடத்தில் நின்று, அதே குரலில், இரண்டு கரைக்கும் கேட்கும்படி கத்தினாள். நரி போனதும், போய்விட்டது என்றும் சொன்னாள். அவளுடைய குணம் அப்படி.

சித்திரை முதல் வாரத்தில் செந்நாய்கள் வந்தன.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிழக்கே வறண்ட ஓடைக்குள் ஏழு செந்நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதுங்கி வருவதைச் செவ்வாயி பார்த்தாள். கிழக்குக் கரையில் இலந்தையின் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அவள் எழும்பிக் கத்தினாள். செந்நாய், ஏழு, ஓடை வழியாக என்று திசையோடு சொல்லிக் கத்தினாள்.

ஒரு மானும் நகரவில்லை. முந்தின மாலைதான் துடுப்பன் அவற்றிடம் சொல்லியிருந்தான், மலையார் நாளை ஆட்காட்டியை விட்டுக் கத்தச் சொல்வார்கள், நீங்கள் ஓடினால் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்று. இலந்தையின் காது மட்டும் விறைத்தது. அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். சுற்றி நின்றவர்கள் அவளையே பார்த்தார்கள். எடுத்த காலைக் கீழே வைத்துவிட்டாள்.

செவ்வாயி இதைப் பார்த்தாள். இனிக் கத்திப் பயனில்லை. நேராக ஓடைக்குள் பாய்ந்தாள். முதலில் வந்த நாயின் கண்ணைக் குறிவைத்துக் கொத்தினாள். மறுபடி எழும்பி மறுபடி பாய்ந்தாள். மூன்றாம் முறை அவள் அலகு நாயின் கண்ணில் இறங்கியது; அதே நொடியில் அதன் பல் அவள் இடது இறக்கையைக் கிழித்தது. வலி தாங்காமல் அந்த நாய் குரைத்துவிட்டது. பதுங்கி வந்தவற்றின் இருப்பிடம் அந்தக் குரைப்பில் வெளிப்பட்டது. அதைக் கேட்டுத்தான் கூட்டம் ஓடியது.

அந்த ஒரு குரைப்பினால் முப்பது மான்கள் பிழைத்தன. பிழைக்காதது ஒன்று. இலந்தையின் மகள். அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது.

செவ்வாயியால் பறக்க முடியவில்லை. கிழிந்த இறக்கை தரையில் இழுபட, அவள் நடந்தே மடுவைச் சுற்றி மேற்குக் கரைக்குப் போனாள். கொன்றையிடம் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் எப்படிச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். உச்சி வெயிலில் கல்லும் சேறுமாக நடந்தாள். மஞ்சக்காலனும் கூடவே நடந்தான். போய்ச் சேர நண்பகல் தாண்டிவிட்டது.

அக்கரையில் செந்நாய் புகுந்த விஷயம் ஏற்கனவே எட்டியிருந்தது. செவ்வாயி கொன்றையிடம் நடந்ததைச் சொன்னாள். பின்னால் நின்ற ஒரு ஆண்மான், ஆற்றார் கணக்கில் ஒன்று குறைந்தது என்றது. கொன்றை சட்டென்று திரும்பினாள்.

"இலந்தையின் மகள் போனதில் எனக்குச் சந்தோஷம் என்று எவராவது நினைத்தால், இனி என் முகத்தில் விழிக்க வேண்டாம்" என்றாள்.

கூட்டம் கொன்றையையே பார்த்தது. செவ்வாயி மட்டும் மேலே பார்த்தாள். அத்திமரக் கிளையில் துடுப்பன் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாயி கொன்றையைத் தனியே அழைத்துப் போய், இன்று மாலை என்னோடு கிழக்குக் கரைக்கு வர வேண்டும் என்றாள்.

"எதற்கு? நான் அங்கே போனால் இவர்கள் என்னைத் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் கொம்பால் குத்திவிடுவார்கள்" என்றாள் கொன்றை.

"குத்தலாம். குத்த மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை நான் சொல்வதில்லை. ஆனால் நீ சொன்னதில் பாதியைத் துடுப்பன் இன்று அங்கே சொல்லப்போகிறான். நீ வராவிட்டால் நாளைக் காலையில் இரண்டு கரையும் மோதிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும்."

கொன்றை கிழிந்த அந்த இறக்கையைப் பார்த்தாள். இரத்தம் காய்ந்து இறகுகள் ஒட்டியிருந்தன. அது தன் தங்கையின் கூட்டத்துக்காகக் கிழிந்த இறக்கை.

"நான் தினமும் போய் அவன் பேச்சைக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. நாம்தான் சரி என்று யாராவது தினம் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது. என் தங்கை அப்படிப் பேசுகிறவளா என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை" என்றாள். பிறகு, "வருகிறேன்" என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் மருதமரத்துக்குப் பக்கத்தில் கோரைப்புல்லுக்குள் ஒதுங்கி நின்றார்கள். மரத்தடியில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அவ்வளவு கூட்டம் அதுவரை கூடியதில்லை. நடுவில் இலந்தை தலை கவிழ்ந்து நின்றாள்.

"அவன் பேசும்போது அவன் முகத்தைப் பார்க்காதே. அவன் வாய்க்குள் என்ன போகிறது என்று பார்" என்று செவ்வாயி காதோரம் சொன்னாள்.

துடுப்பன் ஆரம்பித்தான். செந்நாய்களை இந்தப் பக்கம் அனுப்பியதே மலையார்தான் என்றான். ஆதாரம் இருக்கிறது என்றான். தாயின் மனசு புண்படுமே என்றுதான் தயங்குகிறேன் என்றான். சொல், சொல் என்று கூட்டம் கேட்டது. அவன் கழுத்தை நீட்டினான். கொன்றையின் குரல் மரத்திலிருந்து வந்தது.

"இலந்தையின் மகள் போனதில் எனக்குச் சந்தோஷம்."

இலந்தை அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். மற்ற மான்கள் தரையை மாறி மாறி உதைத்தன. ஆண்மான்கள் கொம்பால் மண்ணைக் கிளறி, விடியட்டும், ஒருவரையும் விடக்கூடாது என்றன. புல்லிலிருந்து பூச்சிகள் மேகமாக எழும்பின. துடுப்பன் பாய்ந்து ஒன்று, திரும்பி ஒன்று, கிளைக்குப் போய் விழுங்கிவிட்டு மறுபடி ஒன்று என்று பிடித்துக்கொண்டே இருந்தான். ஒரு குழந்தை இறந்த அன்று அவன் அப்படிச் சாப்பிட்டதைக் கொன்றை தன் கண்ணால் பார்த்தாள்.

அவள் கோரையிலிருந்து வெளியே வந்தாள்.

ஆண்மான்கள் அவளைச் சுற்றி வளைத்தன. ஒரு கொம்பின் முனை அவள் விலாவைத் தொட்டது. அவள் நிற்கவில்லை. தங்கைக்கு முன்னால் போய் அவளும் மண்டியிட்டாள்.

"அது என் குரல்தான், இலந்தை. நான் சொன்னதுதான். ஆனால் நான் அங்கே நிறுத்தவில்லை. உன் மகள் போனதில் எனக்குச் சந்தோஷம் என்று எவராவது நினைத்தால் இனி என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று சொன்னேன். என் ஆட்களைப் பார்த்துச் சொன்னேன்."

கூட்டத்தில் அரவம் அடங்கியது. இலந்தை மெதுவாகத் தலையை உயர்த்தினாள். அக்காவைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தாள்.

"துடுப்பா, கேட்டதை முழுதாகச் சொல்."

துடுப்பன் அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டான். "நேரம் குறைவு. முக்கியமானதை மட்டும் சொன்னேன்" என்றான். பிறகு, இவள் இப்போது பயந்து மாற்றிப் பேசுகிறாள், இது மலையாரின் நாடகம் என்றான். சில ஆண்மான்கள் அதுவும் சரிதான் என்பது போல் உறுமின.

அப்போது செவ்வாயி இறக்கையை இழுத்துக்கொண்டு நடுவில் வந்தாள்.

"சந்தேகப்படுங்கள். என்னையும் சந்தேகப்படுங்கள். ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். அவன் இன்னும் பேசட்டும். நீங்கள் யாரும் காலை உதைக்காமல் கேளுங்கள்."

இது ஒரு பெரிய காரியமா என்று மான்கள் அசையாமல் நின்றன. துடுப்பன் பேசினான். கொன்றையைத் திட்டினான். யாரும் உதைக்கவில்லை. செவ்வாயியைத் திட்டினான். யாரும் உதைக்கவில்லை. இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது என்றான். பருந்து போலக் கத்தினான். மந்தி போல உறுமினான். ஒரு கன்றுமான் துள்ளப் பார்த்தது. தாய் அதைத் தன் உடம்போடு அணைத்துக்கொண்டது. புல் அசையவில்லை. ஒரு பூச்சிகூட எழும்பவில்லை.

துடுப்பன் பேசிக்கொண்டே இருந்தான். ஆனால் அவன் கண் மான்களின் முகத்தில் இல்லை, காலடியில் இருந்தது. அதை அன்று எல்லா மான்களும் பார்த்தன. ஒரு வயதான பெண்மான்தான் முதலில், "இவன் நம்மைப் பார்த்தே பேசவில்லை, இத்தனை நாளும்" என்றது.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பறந்து போனான்.

இலந்தை அக்காவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கழித்து, செவ்வாயியிடம் வந்து குனிந்து நின்றாள். காலையில் நீ கத்தியது என் காதில் விழுந்தது, நான் ஒரு அடி வைத்தேன், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நின்றுவிட்டேன் என்றாள். செவ்வாயி ஆறுதலாக எதையும் சொல்லவில்லை. என் குரல் உன்னை நகர்த்தவில்லையே என்று எனக்கும் வருத்தம்தான் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் இரண்டு கரை மான்களும் மடுவின் வடக்கே கூடின. யாரும் ஒரே நாளில் ஒத்துப்போய்விடவில்லை. முன்பு போலவே கத்திப் பேசின. ஆனால் ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. இலந்தையே முன்வந்து, செந்நாய்கள் ஆற்று வழியில் இருக்கின்றன, இந்த முறை மலைக்குப் போவதுதான் சரி என்றாள். கொன்றையோ, சுனைத் தண்ணீர் அறுபது பேருக்கு ஆனி வரை போதாது, பிறகு ஆற்றுக்குத்தான் போயாக வேண்டும் என்றாள். இரண்டும் உண்மை என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலில் மலை, பிறகு ஆறு என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் மந்தை கிளம்பியது.

ஐந்து ஆண்மான்கள் மட்டும் வரவில்லை. மற்றவர்கள் எல்லாம் ஏமாந்துவிட்டார்கள், துடுப்பன் சொல்வதுதான் நிஜம் என்று மருதமரத்தடியிலேயே தங்கிவிட்டன. துடுப்பன் அவற்றுக்கு இப்போதும் மாலைதோறும் செய்தி சொன்னான். ஐந்து பேரின் குளம்படிக்கு எழும்பிய பூச்சி அவனுக்குக் கால் வயிற்றுக்குத்தான் போதுமானதாக இருந்தது.

செவ்வாயியும் போகவில்லை. இறக்கை இன்னும் ஆறவில்லை. வற்றிய மடுவின் ஓரத்தில் புதிதாக இட்ட முட்டைகளை அடைகாத்துக்கொண்டு, மஞ்சக்காலன் பிடித்துக்கொண்டுவரும் புழுக்களைத் தின்று நாளைக் கழித்தாள்.

ஒரு காலையில் ஓடைப் பக்கம் புதர் அசைந்தது. செம்பழுப்பாய் மூன்று முதுகுகள் தெரிந்தன. மருதமரத்தடியில் அந்த ஐந்து ஆண்மான்களும் படுத்திருந்தன. அவளை மிக அதிகமாகக் கேலி செய்தவை அவைதான். மஞ்சக்காலன் அவளைப் பார்த்தான். அவள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. பறக்க முடியாத உடம்போடு ஒரு பாறைமேல் தத்தி ஏறி நின்று, முழுத் தொண்டையில் கத்தினாள்.

"செந்நாய்! மூன்று! ஓடை வழியாக!"

ஐந்தில் நான்கு, வழக்கம் போல, துடுப்பனின் முகத்தைப் பார்த்தன. ஒன்று மட்டும் எழுந்து நின்றது. காதைத் திருப்பி ஓடைப் பக்கம் பார்த்தது. பிறகு வாலைத் தூக்கி மலைப் பக்கமாக ஒரே ஓட்டம் பிடித்தது. அது ஓடியதைப் பார்த்து மற்ற நான்கும் பின்னாலேயே ஓடின. நாய்கள் வந்தபோது மரத்தடியில் சருகு மட்டும் கிடந்தது. மருதமரக் கிளையில் துடுப்பன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

பாறைமேல் நின்றபடியே செவ்வாயி, நாய்கள் திரும்பிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். போனதும், கேட்க அங்கே யாரும் இல்லாவிட்டாலும், போய்விட்டன என்று ஒருமுறை சொன்னாள்.

நமக்குப் பிடித்ததை மட்டும் நம்மிடமும், அவர்களுக்குப் பிடித்ததை மட்டும் அவர்களிடமும் சொல்கிறவனுக்கு நம் இருவர் கோபமும் இரை என்பதால், அடுத்தவர் சொன்னதை அவர் வாயாலேயே முழுதாகக் கேட்காமல் யாரும் பகையை வளர்த்துக்கொள்ளக் கூடாது.